எலியற்ற வட்டம்

காட்டெலிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வைரஸ் நோய்களைக் கண்காணிப்பதற்கென்றே ஏற்பட்ட அந்த வட்ட அலுவலகத்தில், பதினோரு வருடங்களாக ஓர் எலிகூடப் பிடிபட்டதில்லை. கேட்டுவிட்டுச் சிரிக்கக் கூடாது. ஓர் எலியும் பிடிபடாமல் பதினோரு வருடம் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமல்ல. அதற்கு ஆள், அம்பு, அலமாரி, சுற்றறிக்கை எல்லாம் வேண்டியிருந்தது.

மாதத்தின் கடைசி வியாழக்கிழமை பொறி நாள். அன்றைக்கு அலமாரியிலிருந்து பன்னிரண்டு எலிப்பொறிகளை வெளியே எடுப்பார்கள். துணியால் துடைத்து, சுருள்கம்பிக்கு எண்ணெய் போட்டு, சிவப்பில் எழுதிய எண் வெளியே தெரிகிற மாதிரி, கட்டடத்துக்குப் பின்புறம் வேலியோரமாகப் பத்தடிக்கு ஒன்றாக வைப்பார்கள். பத்தடியைக் காலால் அளப்பது பொறி மேற்பார்வையாளரின் தனி உரிமை. மறுநாள் காலை தேநீர் முடிந்ததும் இயக்குநர் முன்னால் நடக்க மொத்த அலுவலகமும் வரிசையாகப் போய் ஒவ்வொரு பொறியையும் குனிந்து பார்க்கும். எல்லாம் காலியாக இருக்கும். எழுத்தர் பதிவேட்டில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ‘இன்மை, இன்மை’ என்று எழுதி முதல் கையெழுத்தைப் போடுவார். அவருக்குக் கீழே மேற்பார்வையாளர், அவருக்குக் கீழே துணை இயக்குநர், கடைசியில் பச்சை மையில் இயக்குநர். இதற்கு இன்மை அறிக்கை என்று பெயர்.

பொறியில் இரை வைப்பதில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அங்கீகரிக்கப்பட்ட இரையைத்தான் வைக்க வேண்டும் என்று விதி. எது அங்கீகரிக்கப்பட்ட இரை என்று தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். உங்கள் பகுதி எலி எதை விரும்பித் தின்கிறது என்று ஆய்வு செய்து தெரிவிக்கவும், பிறகு அங்கீகரிக்கிறோம் என்று பதில் வந்தது. ஆய்வு செய்ய எலி வேண்டும். எலிக்குப் பொறி வேண்டும். பொறிக்கு இரை வேண்டும். கோப்பு அங்கேயே நின்றுவிட்டது. நின்ற கோப்புக்கு இப்போது எட்டு வயது.

எழுத்தருக்கு நாற்பத்தைந்து வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்காகவே இந்த இருக்கையில் உட்கார வைத்திருந்தார்கள். சேர்ந்த முதல் வருடம் இரையில்லாத பொறிகளைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். இரண்டாம் வருடம் மேற்பார்வையாளரிடம் மெல்லக் கேட்டும் பார்த்தார். மூன்றாம் வருடம் புதிதாக வந்தவர்களுக்கு அவரே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இது ஒன்பதாம் வருடம்.

எலி இல்லாமலில்லை. வேலிக்கு அப்பால் புதர்க்காடு. அங்கிருந்து வெள்ளை வயிறும் அகலக் காதுமாகச் சின்னச் சின்ன எலிகள் கட்டடத்தின் கடைசி அறைக்கு, அதாவது பதிவறைக்கு, குடிவந்து பல காலம் ஆகியிருந்தது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். இவற்றுக்கு அறையே தனியாகக் கிடைத்திருந்தது. பதினோரு வருடத்து இன்மை அறிக்கைகளைப் பொடிப்பொடியாகக் கத்தரித்து மெத்தை போட்டுக் குட்டி போட்டுக்கொண்டிருந்தன.

ஆனால் அவை இருக்கின்றன என்று சொல்ல வழியில்லை. அலுவலகத்தின் அதிகாரம் காட்டெலிமேல் மட்டும்தான். காட்டெலி கட்டடத்துக்குள் காலை வைத்தால் அது வீட்டெலி. வீட்டெலி நகராட்சியின் பொறுப்பு. நகராட்சிக்கு எழுதினால், வயிறு வெள்ளையாக இருப்பதால் அது காட்டெலி, உங்களுடையது என்று திருப்பி அனுப்புவார்கள். ஒருமுறை ஆய்வுக்கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் எலி இயக்குநரின் மேசைமேல் இந்த முனையில் ஏறி அந்த முனையில் இறங்கிப் போயிற்று. பதினான்கு பேர் பார்த்தார்கள். கூட்டக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று அரைமணி நேரம் பேசி, ‘ஓர் அசைவு கவனிக்கப்பட்டது’ என்று முடிவுசெய்தார்கள். அந்த வாக்கியம் எழுத்தர் சொன்னதுதான். அன்றைக்கு இயக்குநர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அந்த அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பெண் சேர்ந்தாள். எழுத்தரின் கூடப்பிறந்த அக்கா. அத்தான் போன பிறகு அவளுக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. இங்கே இடம் காலியிருப்பதை எழுத்தர்தான் சொன்னார். கூடவே ஒன்றும் சொன்னார். அலுவலகத்தில் உறவு காட்டிக்கொள்ள வேண்டாம், வேண்டியவர்களை உள்ளே நுழைத்துவிட்டான் என்று பேச்சு வரும் என்றார். பேச்சுக்காக இல்லை. துடைப்பக்காரியின் தம்பி என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்றுதான். அது அக்காவுக்கும் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல், மறுநாளிலிருந்து பிறர் காதுபட அவரை ‘ஐயா’ என்று கூப்பிட்டாள். அவளைவிட ஏழு வயது சின்னவர், அவள் இடுப்பில் வளர்ந்தவர், அந்த ஐயாவைக் கேட்டுக்கொண்டு ஃபைலைப் புரட்டினார்.

இந்த நிலையில்தான் தலைமையகத்திலிருந்து விருது அறிவிப்பு வந்தது. நாட்டிலுள்ள நாற்பது வட்டங்களில் பதினோரு வருடம் தொடர்ந்து இன்மை அறிக்கை அனுப்பிய ஒரே வட்டம் என்பதால் ‘எலியற்ற வட்டம்’ என்ற கேடயம். பெரிய அதிகாரி நேரில் வந்து கொடுப்பார். பதிவறையில் இன்மை அறிக்கைகளைப் பார்வையிடுவார். மூன்று வாரம் இருந்தது.

பதிவறையைத் திறந்து பார்த்த மேற்பார்வையாளர் திறந்த வேகத்தில் மூடினார். தரை தெரியாத அளவுக்குப் புழுக்கை. மூத்திர வாடை. சன்னல்களை எப்போதோ எலி வராமலிருக்க ஆணியடித்து மூடியிருந்தார்கள். எலி இல்லாத அலுவலகத்தில் ஆணி எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது.

இந்த மாதிரி அறையை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எழுத்தருக்கு மனப்பாடம். ஊர் மக்களுக்காக அலுவலகம் அச்சடித்த துண்டறிக்கையை மூன்று முறை பிழை திருத்தியவர் அவர். எலியின் மூத்திரமும் புழுக்கையும் எச்சிலும் காய்ந்து தூசியோடு கிளம்பும். அதைச் சுவாசித்தால் ஹண்டா மாதிரியான வைரஸ் உள்ளே போகும். முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும், பிறகு திடீரென்று மூச்சு முட்டும். ஆகவே உலர்ந்த புழுக்கையைப் பெருக்கவே கூடாது. கதவு, சன்னலைத் திறந்து அரைமணி விட்டு, பிளீச்சிங் கரைசலைத் தெளித்து ஊறவைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு ஈரமாகத் துடைத்தெடுக்க வேண்டும். படத்தோடு போட்டிருந்தார்கள். பதிவறைக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒன்று ஒட்டியிருந்தது.

எழுத்தர் பிளீச்சிங் பவுடருக்கும் முகக்கவசத்துக்கும் தேவைப் படிவம் எழுதினார். பொருளறைச் சாவியும் பொறி மேற்பார்வையாளரிடம்தான். அவர் படிவத்தை வாங்கிக் கடைசிக் கட்டத்தைப் பார்த்தார். காரணம் என்ற இடத்தில் ‘எலிப்புழுக்கை அகற்ற’ என்றிருந்தது. சூடுபட்டவர்போலக் காகிதத்தைக் கீழே வைத்தார்.

“என்ன சார் இப்படி எழுதியிருக்கீங்க? புழுக்கை இருக்குன்னா எலி இருக்குன்னு ஆயிடும். எலி இருக்குன்னா பதினோரு வருஷமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. கேட்டா முதல் கையெழுத்து உங்களோடது.”

எழுத்தர் புழுக்கையை அடித்துவிட்டுத் ‘தூசி அகற்ற’ என்று எழுதினார். மேற்பார்வையாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். தூசிக்குப் பிளீச்சிங் கிடையாது. முகக்கவசமும் கிடையாது. தூசிக்கு விளக்குமாறு. புதிதாக இரண்டு விளக்குமாறு எடுத்துக் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

எழுத்தர் அவற்றை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினார். அக்காவுக்குப் படிக்க வராது. ஆனால் படம் பார்க்கக் கண் இருந்தது. சுவரைக் காட்டிக் கேட்டாள். அக்கம்பக்கத்தில் யாருமில்லாததால் ஐயா போடவில்லை.

“ஏன் தம்பி, இதுல விளக்குமாத்து மேல சிவப்புக் கோடு அடிச்சிருக்கே. பெருக்கக் கூடாதுங்குதா?”

“அது ஊர்ல இருக்கிறவங்களுக்குக்கா. ஆபீசுக்கு இல்ல.”

சரி என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் பெருக்கினாள். இரண்டு சாக்கு நிறையப் புழுக்கையும் காகிதத் தூளும் அள்ளினாள். வெளியே வரும்போதெல்லாம் இமை, புருவம் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். தும்மித் தும்மிக் கண் சிவந்திருக்கும். எழுத்தர் தம் இருக்கையிலிருந்து அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் செய்தார். போய் நிறுத்தியிருக்கலாம். பத்து எட்டு எடுத்து வைத்தால் போதும். அவர் எழுந்து குடிதண்ணீர்ப் பக்கம் போனார்.

விழா அமர்க்களமாக நடந்தது. பெரிய அதிகாரி அறிக்கை ஒன்றையும் கேட்காமல் பதிவறை வாசலிலேயே நின்று, கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறீர்களே என்றார். இயக்குநர் பேச எழுந்தார்.

“மற்ற வட்டங்களில் எலியைப் பிடிக்கிறார்கள். நான் கேட்கிறேன், பிடிப்பதில் என்ன பெருமை? பிடிபடும் ஒவ்வோர் எலியும் அங்கே எலி இருக்கிறது என்பதற்கு அவர்களே கொடுக்கும் வாக்குமூலம். நாங்கள் தேடவில்லை. தேடுவது சந்தேகத்தின் அடையாளம். எங்களுக்கு எங்கள் எலிகள்மேல் நம்பிக்கை இருந்தது. அவையும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றின.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பதிவறையின் சுத்தத்துக்குக் காரணமானவர் என்று எழுத்தரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவர் எழுந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா, தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவளும் கைதட்டினாள்.

விழா முடிந்த இருபதாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. தொடையும் முதுகும் பிடுங்கி எடுக்கிறது என்றாள். காய்ச்சலோடு இரண்டு நாள் வேலைக்கும் வந்தாள். மூன்றாம் நாள் அவள் மகள் மருத்துவமனையில் சேர்த்தாள். எழுத்தர் சாயங்காலம் போய்ப் பார்த்தார். சாதாரணக் காய்ச்சல்தான், சரியாகிவிடும் என்று மகளிடம் சொன்னார். துண்டறிக்கையின் நாலாவது வரியில் ‘முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான்’ என்று இருப்பது தெரிந்துதான் சொன்னார்.

ஐந்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து அலுவலகத்துக்கு ஆள்மூலம் ஒரு கடிதம் வந்தது. வரும் கடிதங்களைப் பிரிப்பவர் எழுத்தர்தான். பிரித்தார். வார்டு மருத்துவர் எழுதியிருந்தார். உங்கள் அலுவலகத்தில் பெருக்கும் பெண்ணுக்கு மூச்சுத்திணறல் தொடங்கியிருக்கிறது, ரத்தத்தில் தட்டணுக்கள் குறைகின்றன. அவர் வேலை பார்த்த இடத்தில் எலியோ எலிப்புழுக்கையோ இருந்ததா? இருந்தது என்றால் நுரையீரலில் நீர் கசியச் செய்யும் வைரஸாக இருக்கலாம். உடனே டிரிப்ஸைக் குறைத்து, செயற்கைச் சுவாசக் கருவியுள்ள பெரிய மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். இல்லை என்றால் சாதாரண நிமோனியாவாக வைத்து மருந்தும் டிரிப்ஸும் தொடரலாம். இன்றே பதில் வேண்டும், அரைநாள் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுத்தர் இயக்குநர் அறைக்குக் கிட்டத்தட்ட ஓடினார். உடனே அவசரக் கூட்டம் கூடியது. உடனே என்றால் பதினோரு மணிக்கு வந்த கடிதத்துக்குப் பன்னிரண்டரைக்கு.

“யார் இந்தப் பொம்பளை?” என்றார் இயக்குநர்.

“பெருக்குற அம்மாங்க ஐயா. பேரு தெரியல,” என்றார் மேற்பார்வையாளர். இயக்குநர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் வாயைத் திறந்தார். மேசைமேல் கேடயம் பளபளத்துக்கொண்டிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நோய் வந்தது குறித்துத் தமக்கு மிகுந்த வருத்தம் என்று துணை இயக்குநர் ஆரம்பித்தார். நோய் அந்த அம்மாவின் சொந்த விஷயம், அதில் தலையிட நமக்கு உரிமையில்லை. ஆனால் எலி என்பது துறையின் விஷயம் என்றார். மேற்பார்வையாளர் ஒரு நுணுக்கத்தைச் சொன்னார். பதிவறையில் எலி இருந்திருந்தால் அது வீட்டெலி. வீட்டெலியைப் பற்றிக் கருத்துச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அதிகாரமில்லாததை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் நேராவே கேக்கிறேன்,” என்றார் கடைசியில். “எலி இருந்துதுன்னு இப்போ எழுதினா, பதினோரு வருஷத்து அறிக்கையும் பொய்னு ஆகும். நூத்தி முப்பத்திரண்டு அறிக்கை. அத்தனையிலயும் என் கையெழுத்து இருக்கு. நான் பொய் சொல்றவனா? இல்ல. அப்போ எலி இல்ல. எலி இல்லாம எலிக்காய்ச்சல் எப்படி வரும்? அந்த அம்மாவுக்கு வந்திருக்கிறது வேற ஏதோ. இதை நாம சொல்றதுதான் அவங்களுக்குச் செய்யிற உதவி.”

ஆனாலும் ஒரு பொறுப்பான அலுவலகம் பார்க்காமல் எழுதக் கூடாது என்பதால், பதிவறையை நேரில் ஆய்வு செய்வதென்று முடிவாயிற்று. யார் உள்ளே போவது என்ற கேள்வியில் அரைமணி போயிற்று. பூனைக்கு மணி கட்டும் கதைதான். எலிகள் பேசவில்லை, அதிகாரிகள் பேசினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முடிவில் துணை இயக்குநர் ஒப்புக்கொண்டார். பொருளறையின் அடியிலிருந்து எட்டு வருடமாக உறை பிரிக்காத பாதுகாப்பு உடையை எடுத்தார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரே வெள்ளை. வடிகட்டி பொருத்திய முகக்கவசம், கண்ணாடி, இரட்டைக் கையுறை. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இடைவெளி இல்லாமல் மேற்பார்வையாளர் நாடா சுற்றினார். மற்றவர்கள் முற்றத்தின் அந்தக் கோடியில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். துணை இயக்குநர் பதிவறைக் கதவை ஒரு கோலால் தள்ளி, வாசல்படியில் நின்று, மூச்சை அடக்கியபடி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நாற்பது விநாடி. உடையைக் கழற்றிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவர் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கைகழுவி வந்து, அச்சப்படத்தக்கது எதுவுமில்லை என்று எழுதச் சொன்னார்.

எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுதும்போதுதான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நாற்பது விநாடிக்கு இத்தனை உறை. இரண்டு நாளைக்கு ஒரு முந்தானை. அந்த முந்தானையைக் கட்டிக்கொண்டு உள்ளே போகச் சொன்ன வாய் அவருடையது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இருந்தும் கையெழுத்துப் போட்டார். அதைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. ‘தங்கள் கடிதத்தில் கோரியபடி ஆய்வு செய்யப்பட்டது. எலி: இன்மை. எலிப்புழுக்கை: இன்மை.’ முத்து முத்தான எழுத்து. கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. இயக்குநர் அதை ஒருமுறை சாதாரணமாக நினைவுபடுத்தியிருந்தார். முதல் கையெழுத்து அவருடையது. கீழே மற்ற மூன்றும் மளமளவென்று விழுந்தன. அவசரம் என்பதால் அவரையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள்.

பேருந்தில் முக்கால் மணி நேரம். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கொடுக்காமலே விட்டுவிடலாமா, வாயால் வேறு சொல்லிக்கொள்ளலாமா, கடிதத்தைக் கொடுத்துவிட்டு நைசாக மகள் காதில் போட்டுவிடலாமா என்று ஏதேதோ கணக்குப் போட்டார். எல்லாக் கணக்கிலும் அவர் வேலை மிஞ்சியது.

அக்கா சாய்ந்து உட்கார்ந்த நிலையில் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் அரைவாசி மூடியிருந்தது. தம்பி வந்தது தெரிந்ததோ என்னவோ. மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். ராத்திரி தூங்காத முகம். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். படித்ததும் அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“நல்லவேளை. எலி இல்லைன்னா இது சாதாரண நிமோனியாதான்,” என்றவர் நர்சிடம் திரும்பினார். “பிரஷர் இறங்குது. டிரிப்ஸை வேகமா விடுங்க. இன்னொரு பாட்டிலும் போடுங்க.”

நர்ஸ் கம்பியில் புதுப் பாட்டிலை மாட்டினார். குழாயின் சக்கரத்தில் கட்டைவிரலை வைத்தார்.

“வேண்டாம்மா,” என்றார் எழுத்தர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எலி இருக்கு. ரெண்டு சாக்கு புழுக்கை அள்ளினாங்க. மூடின ரூம்ல, விளக்குமாத்தால.”

மருத்துவர் கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். “அப்போ இது?”

“நான் எழுதினதுதான்.”

“தெரிஞ்சேவா?”

“எங்க ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவோம்.”

மருத்துவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. டிரிப்ஸை நிறுத்தச் சொன்னார், ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் செய்துவிட்டு, நோயாளியிடமும் கேட்டேன், அவரும் எலியே இல்லை என்றுதான் சாதித்தார் என்றார். பிறகு பேனாவை நீட்டினார். பெரிய மருத்துவமனையில் வாய்ச்சொல்லைக் கேட்க மாட்டார்களாம், எழுத்தில் வேண்டுமாம். நீங்கள் இவருக்கு என்ன வேண்டும் என்றும் கேட்டார்.

இந்தக் கேள்வியை இரண்டு வருடமாக யாரும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

“தம்பி,” என்றார்.

மருத்துவர் ஒருமுறை அவரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முகத்தைக் கொண்டு எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், எழுத்தர் கடிதத்தைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதினார். ‘எலி உண்டு. புழுக்கை உண்டு. உலர்வாகப் பெருக்கச் சொன்னது நான். அது கூடாது என்று எனக்குத் தெரியும்.’ எழுத்து கோணல்மாணலாக வந்தது.

அக்கா ஒன்பது நாள் கருவியின் மூச்சில் கிடந்தாள். பரிசோதனையில் அந்த வைரஸ்தான் என்று உறுதியாயிற்று. டிரிப்ஸை அன்றைக்கு நிறுத்தியிராவிட்டால் ராத்திரி தாண்டியிருக்க மாட்டாள் என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். அதை எழுத்தரிடம் ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார்கள்.

அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. இரண்டு கூட்டங்கள் போட்டு ஆராய்ந்து, அந்த எலி முதன்முதலாக எழுத்தில் பதிவானது மருத்துவமனை வளாகத்தில் என்பதால் அது மருத்துவமனையைச் சேர்ந்த எலி என்று முடிவுசெய்து தலைமையகத்துக்கு எழுதியது. தலைமையகம் ஏற்றுக்கொண்டது. கேடயம் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த மாதத்து இன்மை அறிக்கையில் முதல் கையெழுத்தை மேற்பார்வையாளர் போட்டார். எழுத்தருக்குத் தற்காலிகப் பணிநீக்கமும் ஒரு குறிப்பாணையும் வந்தன. முன் அனுமதியின்றி ஓர் எலியை அங்கீகரித்தது, அலுவலகக் கடிதத்தின் பின்பக்கத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியது, துப்புரவுப் பணியாளருடன் உள்ள உறவை மறைத்தது என்று மூன்று குற்றச்சாட்டுகள். மூன்றாவதை மட்டும் அவரால் மறுக்க முடியவில்லை. அக்காவை விளக்குமாற்றோடு உள்ளே அனுப்பியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. விதியில் அது எங்கும் குற்றமாக இல்லை.

தொண்டையிலிருந்து குழாயை எடுத்த மறுநாள் அக்கா பேசினாள். குரல் காற்றாக வந்தது. பகல் பதினொரு மணிக்குத் தம்பி கட்டிலருகே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முதலில் கேட்டது, ஆபீசுக்குப் போகலையா என்பதுதான். பொய் சொல்ல அவரிடம் ஒன்று தயாராக இருந்தது. அன்றைக்கு வாய் வரவில்லை. எலி இருந்ததை மருத்துவரிடம் சொல்லிவிட்டதாகவும், எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும் தரையைப் பார்த்தபடி சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அதற்குள் அக்கா தலையணையிலிருந்து எழப் பார்த்தாள். எழ முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்டா சொன்ன?” என்றாள். “அந்த டாக்டரம்மா என்கிட்ட மூணு தடவை கேட்டாங்க. மூச்சு முட்டுறப்பகூட இல்லைன்னுதானே சொன்னேன். மாசாமாசம் நீ கையெழுத்துப் போட்ட விஷயமாச்சேன்னு.”